எல்.எல்.ஆர். முதல் பாம்பன் பாலம் வரை: ராமநாதபுரம் கடலோரத்தில் வண்டி ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்க ஒரு முழு வழிகாட்டி

டிரைவிங் ஸ்கூலில் சேர வருபவர்கள் முதலில் கேட்பது, "லைசென்ஸ் எத்தனை நாள்ல கைக்கு வரும்?" என்றுதான். இதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், கிடைத்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அந்தக் காலத்துக்குள் தேர்வில் தேறிவிட வேண்டும். யாரைப் பிடித்தாலும் அந்த 30 நாள் குறையாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 30 நாளில் ஸ்டியரிங் என் கையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? லைசென்ஸ் எப்படியும் வந்துவிடும். ஓட்டத் தெரிகிறதா என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது.

எந்த வண்டிக்கு லைசென்ஸ்?

விண்ணப்பத்தில் வாகன வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர், கியர் உள்ள பைக், கார் உள்ளிட்ட இலகு ரக வாகனம் என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. ஸ்கூட்டியை மட்டும் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் எடுத்தால் கியர் பைக் ஓட்ட அது செல்லாது. வீட்டில் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பைக் இருந்தால் கியர் வண்டிக்கே எடுத்துவிடுங்கள். பைக், கார் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தில் போடலாம். அலைச்சல் மிச்சம்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 16 வயதிலேயே எடுக்கலாம் என்று சொல்லப்படுவது, 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். அதற்கும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 50 சிசியைத் தாண்டியவை. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதற்கு இந்த விதி துணைக்கு வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் ஆனால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது.

மண்டபத்திலும் தொண்டியிலும் மீன் ஏற்றக் குட்டி யானை வைத்திருப்பவர்கள் கேட்பது: கார் லைசென்ஸில் இதை ஓட்டலாமா? ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் வாடகை, சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. லாரி, பஸ் என்று போக நினைப்பவர்கள் இலகு ரக லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆன பிறகே அதற்கான எல்.எல்.ஆர். போட முடியும்.

எந்த மாதத்தில் சேர்வது?

விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு இதற்கென்றே அமைந்த காலம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை தொடங்கும் முன்பே எல்.எல்.ஆர். போட்டுவிட்டால் பயிற்சி, தேர்வு எல்லாம் தடை முடிவதற்குள் அடங்கிவிடும். ஆனால் அது கோடை விடுமுறையும்கூட. கல்லூரிப் பையன்களும் அப்போதுதான் வந்து குவிவார்கள். ஒரு காரில் ஏறும் ஆள் கூடும், உங்கள் நேரம் குறையும். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி கடைசி, பிப்ரவரி, மார்ச். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயிற்சி மைதானமே சேறாகிக் கிடக்கும். ஆனாலும் முழுக்க ஒதுக்க வேண்டாம். மழையில் ஓட்டிப் பார்ப்பதும் படிப்புதானே.

எல்.எல்.ஆர்.

மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகன் தளத்தில், சாரதி பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கைப்பேசியில் செய்ய வராவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். இதற்கு டிரைவிங் ஸ்கூல் கட்டாயமில்லை. கடலோரத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அதாவது டிஎன் 65. பரமக்குடியில் பகுதி அலுவலகம் இருக்கிறது. முகவரியை வைத்து எந்த அலுவலகம் என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆதார், வயதுச் சான்று, புகைப்படம், கையெழுத்து ஆகியவை வேண்டும். 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றும் தேவை. இதற்கு படிவம் 1ஏ. ஆதாரில் இணைத்த கைப்பேசி எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். கீழக்கரையில் அம்மாவின் ஆதாரில் துபாயில் இருக்கும் மகனின் பழைய எண் இருக்கும், அதுவும் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப் போயிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த தலைவலி பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. முகமது என்ற ஒரு பெயரையே மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிட்டு அப்புறம் லைசென்ஸுக்கு வாருங்கள். லைசென்ஸ் அச்சான பிறகு திருத்துவது இரட்டை வேலை.

கட்டணம்: எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வாகனத்துக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. பின்னர் ஓட்டுநர் தேர்வுக்கு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. மத்திய அரசு விதியில் உள்ள கட்டணம் இது. இதோடு சேவைக் கட்டணம் சேரும். ஸ்கூலில் மொத்தமாக ஒரு தொகை சொன்னால், அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அரசுக் கட்டண ரசீது இணையத்தில் உங்கள் பெயரில்தான் வரும்.

எல்.எல்.ஆர். தேர்வு கணினியில், தமிழிலேயே எழுதலாம். ஆதார் வழியாக விண்ணப்பித்தவர்கள் வீட்டிலிருந்தே எழுதவும் வழி இருக்கிறது. 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. வட்டத்துக்குள் இருக்கும் குறி கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். இந்த மூன்றையும் மனதில் வாங்கினால் பாதிக் கேள்வி முடிந்தது. மீதியில் அடிக்கடி வருபவை: ஒருவழிப் பாதையில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது, குறுகிய பாலத்தில் முந்தக் கூடாது, ஏற்றத்தில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், பார்வையற்றவர் வெள்ளைக் கோலோடு சாலையைக் கடந்தால் அதையே நிறுத்தச் சொல்லும் குறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்று பதில் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தாலும், நீங்களே படித்து எழுதுங்கள். ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், அந்த ஆள் கூட வர மாட்டார்.

எல்.எல்.ஆர். வந்துவிட்டது என்று தனியாகக் காரை எடுக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில், நினைத்தவுடன் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' வேண்டும். பலகை குறைந்தது 18 செ.மீ. சதுரம், எழுத்து 10 செ.மீ. உயரம். பைக் என்றால் சொல்லிக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. இந்த விதிகளை மீறும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும்.

ஸ்கூலைத் தேர்ந்தெடுப்பது

சொந்த உபயோகத்துக்கான பைக், கார் லைசென்ஸுக்கு ஸ்கூலில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டில் பொறுமையான ஆளும் வண்டியும் இருந்தால் அங்கேயே கற்கலாம். பிரச்சினை அந்தப் பொறுமைதான். கணவன் மனைவிக்குக் கார் சொல்லிக் கொடுத்த வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். அதோடு ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும் பிரேக், கிளட்ச் இருக்கும். பயிற்சி வண்டிக்கு இது கட்டாயம். முதல் வாரத்துக்கு அது ஒன்றே கொடுத்த காசுக்குச் சரி.

சேரும் முன் அலுவலகச் சுவரைப் பாருங்கள். போக்குவரத்துத் துறை கொடுத்த உரிமம், படிவம் 11, மாட்டியிருக்க வேண்டும். தேதி தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் காலை, சேரப்போவதைச் சொல்லாமல், அவர்கள் பயிற்சி நடக்கும் சாலையில் போய் நில்லுங்கள். ஒரு காரில் எத்தனை தலை தெரிகிறது?

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டவைத்து, ஒரு மணி நேரத்தை நால்வர் கணக்கிலும் எழுதுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, சொல்வது வேறு. சொந்த உபயோக வாகனப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த நேரம் இதில் சேராது. ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார் என்று எழுத படிவம் 15 என்ற பதிவேடு இருக்கிறது. அதில் மாஸ்டரும் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் போட வேண்டும். அது மொத்தமாக ஒரே நாளில் உங்கள் முன்னால் நீட்டப்பட்டால், போடும் முன் படியுங்கள். "தெனம் தெனம் எழுதிருவோமே மாஸ்டர்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டால் சண்டை இல்லாமல் காரியம் நடக்கும்.

ஒரு வதந்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். 2024 நடுவில், "இனி ஆர்டிஓ தேர்வு கிடையாது, ஸ்கூல் சர்டிபிகேட் போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. தேர்வு விலக்கு என்பது 2021 விதிகளின்படி தனி அங்கீகாரம் பெற்ற பெரிய பயிற்சி மையங்களில் முழுப் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டும். அங்கே கார் பயிற்சி 4 வாரத்தில் 29 மணி நேரம். நம் தெருமுனை ஸ்கூல் கொடுக்கும் படிவம் 5 சான்றிதழுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓட்டப் பழகுவது

முதல் நாள் வேலை கிளட்ச்தான். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கனக்கும், கியர் கம்பி லேசாக நடுங்கும், கார் மூக்கைத் தூக்குவது போல இருக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். காலை அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி தானாக ஊரும். இதை ஒரு காலை முழுக்கச் செய்தாலும் தப்பில்லை. வண்டி ஆஃப் ஆவது, குலுங்குவது, ரிவர்ஸில் பதறுவது எல்லாம் பெரும்பாலும் இந்த ஓரிடம் காலுக்குப் பிடிபடாததால் வருவதுதான்.

மாவட்டம் முழுக்கச் சமதளம். ஏற்றத்தில் வண்டி எடுக்கப் பழக எங்கே போவது? கண்மாய்க் கரை போதும். கரைமேல் ஏறும் மண்பாதையில் பாதியில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஹாஃப் கிளட்ச் பிடித்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் ஏறினால் பாடம் முடிந்தது. கரையில் எதிரே டிராக்டர் வராத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல்காரர்கள் வழக்கமாகக் காலையில் ஒரே சாலையில் போய்வருவார்கள். நம் கடலோரத்துக்கு அது பற்றாது. கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, ஈசிஆர். தேவிபட்டினம் வழியாகத் தொண்டிப் பக்கமோ, கீழக்கரை, ஏர்வாடி தாண்டிச் சாயல்குடிப் பக்கமோ. சீமைக் கருவேலம் தார்ச்சாலை விளிம்பு வரை வந்து நிற்கும். அதற்குள்ளிருந்து ஆடு எப்போது வெளிவரும் என்று தெரியாது. ஓர் ஆடு கடந்துவிட்டால் வேகம் எடுக்காதீர்கள். பின்னால் குட்டி வரும், அதன் பின்னால் மேய்ப்பவர் வருவார். ஹார்ன் அடித்தால் ஆடு நடுச்சாலையில் திகைத்து நின்றுவிடும். பிரேக்கில் கால் வைத்து ஊர விடுவதே வழி.

இரண்டாவது, இரவு. ஸ்கூல் நேரம் ஆறு மணிக்கு முடிந்துவிடுவதால் பலர் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் முதன்முதலாக இருட்டில் ஓட்டுகிறார்கள். ஒரு நாளாவது இருட்டிய பின் வரச் சொல்லுங்கள். எதிரே வண்டி வந்தால் டிம் போடுங்கள். அவர் போடாவிட்டால் அவர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். மழைக்காலத்தில் மாடுகள் காய்ந்த தார்ச்சாலையைத் தேடி வந்து படுத்திருக்கும்.

மூன்றாவது, மணல். தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனை வரை காற்று மணலை வாரிச் சாலையில் போட்டிருக்கும். பைக்கில் முன்பிரேக்கை மணல்மேல் பிடித்தால் வழுக்கும். மணல் தெரியும் முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காமல் கைப்பிடியையும் திருப்பாமல் நேராகப் போய்விட வேண்டும்.

நான்காவதுதான் பெரியது: பாம்பன் பாலம். 1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, நடுவில் தடுப்பு இல்லை. ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வலக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் வீசும் மாதங்களில் காற்று அந்தப் பக்கத்திலிருந்து தள்ளும். பைக்கில் போகிறவர் தன்னை அறியாமலே வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஈடுகொடுத்துக்கொண்டு போவார். எதிரே ஒரு பஸ் கடக்கிறது. அந்த நொடியில் பஸ் காற்றை மறைக்கிறது. சாய்ந்திருந்த வண்டி வலப்பக்கம், அதாவது பஸ் பக்கமே போகும். பஸ் கடந்ததும் காற்று மறுபடி அடித்து இடப்பக்கம் கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளும். இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். பஸ் வருவதைப் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள், வரிசையின் இடது பாதியில் போங்கள், கைப்பிடியை இறுக்காமல் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்த கை எல்லா உதறலையும் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். காரில் இது இவ்வளவு தெரியாது, ஆனால் உயரமான வேனில் தெரியும்.

பாலத்தில் இன்னொரு தொல்லை, நிறுத்தி செல்பி எடுப்பவர்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதைப் பார்க்கவும் கூட்டம் நிற்கிறது. முன்னால் போகும் வெளியூர் கார் இண்டிகேட்டர் போடாமல் நிற்கும் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். காலையில் கிழக்கு நோக்கிப் போனால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். உப்புக்காற்று படிந்த கண்ணாடியில் அது இன்னும் மோசம். வைப்பரை உலர்வாகப் போடாதீர்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள், இல்லாவிட்டால் உப்பு இழுவிக்கொண்டு ஒன்றுமே தெரியாது. தை, ஆடி அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் சாலையில் பயிற்சி வேண்டாம்.

தேர்வு நாள்

எல்.எல்.ஆர்., தேர்வு நேரம் பதிவு செய்த தாள், வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஸ்கூலில் படித்தால் படிவம் 5. பைக்குக்கு ஹெல்மெட். கைலியில் போகாதீர்கள், பேண்ட், காலோடு ஒட்டிய செருப்பு அல்லது ஷூ.

தேர்வு எடுப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர், ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். பைக்குக்கு எட்டு போட வேண்டும். கால் தரையில் படக் கூடாது. எட்டில் விழுபவர்கள் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர்கள். கண் அடுத்த வளைவில் இருக்கட்டும். கியர் வண்டி என்றால் ஹாஃப் கிளட்ச், பின்பிரேக்கில் லேசாகக் கால், ஆக்சிலரேட்டர் ஒரே சீர். முன்பிரேக்கை மறந்துவிடுங்கள்.

காரில் ஏறியதும் சாவியைத் திருகிவிடாதீர்கள். சீட்டைச் சரிசெய்யுங்கள், கண்ணாடிகளைத் திருப்புங்கள், பெல்ட் போடுங்கள், நியூட்ரலா என்று கியரை ஆட்டிப் பாருங்கள், அப்புறம் ஸ்டார்ட். விதியிலேயே இதுவும் தேர்வின் ஒரு பகுதி. கிளம்பும் முன் வலது இண்டிகேட்டர், கண்ணாடியில் ஒரு பார்வை. கைச் சைகைகளையும் கேட்கலாம், ரிவர்ஸ் எடுத்துக் காட்டவும் சொல்வார். மெதுவாகப் போனதற்காக யாரும் தோற்பதில்லை. வண்டி ஒருமுறை ஆஃப் ஆனால் பதறாமல் நியூட்ரல், ஸ்டார்ட், மறுபடி கிளம்புங்கள்.

தேறவில்லை என்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரின் 6 மாதக் கணக்கு அதற்குள் ஓடிக்கொண்டிருப்பதை மறக்காதீர்கள். "எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்" என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

லைசென்ஸ் வந்த பிறகு

அட்டை இப்போது விரைவுத் தபாலில்தான் வருகிறது. வீட்டில் ஆள் இல்லை, முகவரி பிழை என்றால் திரும்பிப் போய்விடும். மீனவர் குப்பங்களில் கதவு எண் சரியாக இல்லாத வீடுகள் நிறைய. தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். டிஜிலாக்கரில் இறக்கி வைத்தால் அதுவும் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய்.

30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50க்குள் எடுத்தால் 10 ஆண்டு. 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டைத் தாண்டிவிட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டியிருக்கும். விடுமுறைக்கு வரும் சவராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், இதைத்தான் தவற விடுகிறார்கள். வளைகுடாவில் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டு லைசென்ஸ்தான் வேண்டும். சுற்றுலா போகிறவர்களுக்கு 1,000 ரூபாய் கட்டி ஓராண்டுக்குச் சர்வதேச அனுமதி வாங்கலாம். அதை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே தருகிறார்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துப் போங்கள்.